விளக்கத்தகு செயற்கை நுண்ணறிவும் இணைய அச்சுறுத்தல் கண்காணிப்பும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையவழித் தாக்குதல்களைக் கண்டறிய இயந்திரக் கற்றல் மாதிரிகள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. அவை எச்சரிக்கை எழுப்புகின்றனவே தவிர, அதற்கான காரணத்தைப் பெரும்பாலும் கூறுவதில்லை. சிறு, குறு நிறுவனங்கள் மிகுந்த திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில், அவ்வெச்சரிக்கையைப் படிப்பவர் பாதுகாப்பு வல்லுநராக இருப்பது அரிது. கணக்காளரோ, மெர்ச்சண்டைசரோ, ஆலை இயக்குநரோதான் அதனைப் படிக்க நேர்கிறது. அவர் தாமே சரிபார்த்துச் செயற்படத்தக்க காரணத்தை எச்சரிக்கையோடு சேர்த்துத் தருவதே விளக்கத்தகு செயற்கை நுண்ணறிவின் உண்மையான பயன் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. விளக்கம் கணிக்கப்படும் முறை, தவறாகக் கற்ற மாதிரியை அது வெளிப்படுத்தும் விதம், அதன் மொழி, அதன் வரம்புகள் ஆகியன ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விளக்கத்தகு செயற்கை நுண்ணறிவு, இணையப் பாதுகாப்பு, பொய் எச்சரிக்கை, ஷேப்லி மதிப்பு, திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி.

முன்னுரை

திருப்பூர் ஆண்டுதோறும் 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பின்னலாடைகளை ஏற்றுமதி செய்கிறது. 1990இல் தொடங்கப்பெற்ற திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் முதலிய அமைப்புகளின் துணையோடு வளர்ந்த இத்தொழிலில் ஆர்டர் பெறுதல், மாதிரி ஒப்புதல், விலைப்பட்டியல் அனுப்புதல், பணம் பெறுதல் ஆகிய அனைத்தும் இன்று கணினி வழியாகவே நடைபெறுகின்றன. நூலுக்கும் சாயத்திற்கும் தரக்கட்டுப்பாடு வகுத்துள்ள நிறுவனங்கள் பலவற்றில், மின்னஞ்சலில் வரும் வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்க்கும் நடைமுறை இன்னும் வேரூன்றவில்லை.

இக்குறையை நிரப்பத் தானியங்கிக் கண்காணிப்பு மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவதால் மட்டும் பாதுகாப்பு கிட்டிவிடுமா என்பது ஆராயத்தக்கது. எச்சரிக்கை ஒன்று பயன் தர வேண்டுமானால், அதனைப் படிப்பவர் அடுத்துச் செய்ய வேண்டியதை அறிந்திருக்க வேண்டும். அவ்வறிவை அவருக்குத் தருவது எது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. தொழிலமைப்பும் அச்சுறுத்தலின் வழிகளும்

திருப்பூரில் ஓர் ஆடை முழுவதும் ஒரே கூரையின்கீழ் உருவாவது குறைவு. நிட்டிங், சாயமிடுதல், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, தையல், செக்கிங், பேக்கிங் எனப் பிரிந்துள்ள பணிகளில் பல, ஜாப் ஒர்க் அடிப்படையில் வெவ்வேறு நிறுவனங்களில் நடைபெறுகின்றன. துணி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மின்னஞ்சலோ, வாட்ஸ்அப் செய்தியோ, பில்லோ, பணப்பரிமாற்றமோ உடன் செல்கிறது. இவற்றுள் எந்த இணைப்பு வலுவற்றதோ அதன்வழியே தாக்குபவர் நுழையலாம்.

முதன்மையான அச்சுறுத்தல் வணிக மின்னஞ்சல் மோசடி. இது இரு திசைகளில் நிகழும். ஏற்றுமதியாளரின் அஞ்சற்பெட்டிக்குள் புகுந்தவர், வெளிநாட்டு வாங்குநருக்கு ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என எழுதி, வரவேண்டிய பணத்தைத் திசைதிருப்புவார். ஜெர்மனியிலிருந்தோ தைவானிலிருந்தோ வட்டப் பின்னல் இயந்திரம் வாங்க முன்பணம் அனுப்பும்போது, விற்பனையாளரின் பெயரில் போலி அஞ்சல் அனுப்பிச் செல்லவேண்டிய பணத்தைக் கவர்வது மற்றொரு திசை. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனத்தின் இணையக் குற்றப் புகார் மையம், 2023ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகை மோசடி குறித்து 21,489 புகார்களையும் 290 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பையும் பதிவு செய்துள்ளது. கடன்பெற்ற நடைமுறை மூலதனத்தில் இயங்கும் சிறு நிறுவனம் ஒரு முறை இவ்வாறு பணத்தை இழந்தால், அதன் விளைவு அடுத்த சனிக்கிழமை வாரக்கூலியிலேயே தெரியும்.

இரண்டாவது, கோப்புகளை முடக்கிப் பணயம் கேட்கும் தீநிரல். அளவுப் பட்டியல், பேட்டர்ன் கோப்புகள், ஏற்றுமதி ஆவணங்கள் ஆகியவை முடங்கினால் கப்பலேற்றும் நாள் தவறும். சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். மூன்றாவது, சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் போன்றவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகள் மீதான தாக்குதல்.

2. எச்சரிக்கைகள் ஏன் புறக்கணிக்கப்படுகின்றன

கண்காணிப்பு மென்பொருளின் துல்லியம் 99 விழுக்காடு எனக் கூறப்படும்போது, அது அரிய நிகழ்வுகளைத் தேடுகிறது என்பது மறக்கப்படுகிறது. ஒரு கணக்கீட்டைக் காண்போம். நிறுவனக் குழுமம் ஒன்றில் நாளொன்றுக்கு 20,000 நிகழ்வுகள் பதிவாகின்றன. அவற்றுள் 2 மட்டுமே தீயவை எனக் கொள்வோம். மாதிரி தீயவற்றுள் 99 விழுக்காட்டைப் பிடிக்கிறது. நல்லவற்றுள் 1 விழுக்காட்டைத் தவறாகத் தீயவை என்கிறது. அவ்வாறாயின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 பொய் எச்சரிக்கைகளும் 2 மெய் எச்சரிக்கைகளும் எழும். நூறு எச்சரிக்கைகளில் ஒன்றே மெய்யானது.

அரிய நிகழ்வுகளின் அடிப்படை விகிதத்தால் எழும் இச்சிக்கலை, ஊடுருவல் கண்டறிதல் துறையில் ஸ்டீஃபன் அக்செல்சன் 1999இல் எடுத்துக்காட்டினார். பெருநிறுவனங்களில் இவ்விருநூறையும் பிரித்தாய முழுநேரப் பகுப்பாய்வாளர்கள் உள்ளனர். பனியன் கம்பெனி ஒன்றில் அப்பணி, ஜி.எஸ்.டி. கணக்கும் சம்பளப் பட்டியலும் பார்க்கும் கணக்காளரிடம் சேர்கிறது. ‘ஐயத்திற்குரிய நிகழ்வு, அபாய அளவு 86’ என்ற வாசகத்தை அவர் நான்காம் முறை காணும்போது மூடிவிடுவார். இதனை அவரது அலட்சியம் எனக் கருதுதல் முறையன்று. மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய அவ்வாசகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை என்பதே காரணம்.

3. விளக்கம் கணிக்கப்படும் முறை

மாதிரியின் முடிவுக்கான காரணத்தை மனிதர் அறியும் வடிவில் தரும் முறைகளின் தொகுதியே விளக்கத்தகு செயற்கை நுண்ணறிவு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆய்வு முகமையான டார்ப்பா 2017இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தால் இப்பெயர் பரவலாயிற்று. மார்கோ ரிபெய்ரோவும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட லைம், ஸ்காட் லண்ட்பெர்க், சு-இன் லீ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஷேப் ஆகியவை இதில் பெரிதும் பயன்படும் முறைகள்.

ஷேப் முறையின் அடித்தளம், லாயிட் ஷேப்லி 1953இல் வகுத்த பங்கீட்டுக் கோட்பாடு. பலர் கூடி ஈட்டிய ஆதாயத்தை ஒவ்வொருவரின் பங்களிப்புக்கேற்ப எவ்வாறு பகிர்வது என்பது அக்கோட்பாட்டின் வினா. இங்கு ஆதாயத்தின் இடத்தில் அபாய அளவும், மனிதரின் இடத்தில் அறிகுறிகளும் அமைகின்றன.

எடுத்துக்காட்டாக, கற்பனை நிறுவனம் ஒன்றிற்கு இயந்திர விற்பனையாளர் பெயரில் ஓர் அஞ்சல் வருகிறது. அதில் மூன்று அறிகுறிகள் உள்ளன: வங்கிக் கணக்கு மாறியுள்ளது (அ); அனுப்புநர் முகவரி வழக்கமான முகவரியிலிருந்து ஓரெழுத்து வேறுபடுகிறது (ஆ); அஞ்சல் இரவில் வந்துள்ளது (இ). அறிகுறி ஏதுமில்லாத அஞ்சலுக்கு மாதிரி 2 புள்ளி வழங்குகிறது. அ மட்டும் இருப்பின் 14; ஆ மட்டும் 20; இ மட்டும் 5; அ, ஆ இரண்டும் 80; அ, இ இரண்டும் 17; ஆ, இ இரண்டும் 23; மூன்றும் சேரின் 86.

86 புள்ளியில் ஒவ்வோர் அறிகுறியின் பங்கு யாது? மூன்று அறிகுறிகளை ஆறு வரிசைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் ஓர் அறிகுறி சேரும்போது புள்ளி எவ்வளவு உயர்கிறது எனக் கண்டு சராசரி எடுக்க வேண்டும். அ என்னும் அறிகுறிக்கு அவ்வுயர்வுகள் 12, 12, 12, 60, 63, 63, சராசரி 37. இவ்வாறே ஆ பெறுவது 43. இ பெறுவது 4. மூன்றின் கூட்டுத்தொகை 84. அடிப்படையான 2ஐச் சேர்த்தால் 86. கணக்கு எஞ்சாமல் குறையாமல் நேராகிறது. இப்பண்பே ஷேப்லி மதிப்பின் சிறப்பு.

இக்கணக்கின் வழியே கணக்காளர் அறிவது இரண்டு. ஒன்று, இரவில் வந்தது என்பதற்காக மாதிரி ஐயுறவில்லை. மற்றொன்று, கணக்கு மாற்றமும் முகவரி மாற்றமும் இணைந்ததே ஐயத்தின் வேர். கணக்கு மாற்றம் தனித்து 12 புள்ளியே உயர்த்தியது, முகவரி மாற்றத்துடன் சேர்ந்தபோது 60 உயர்த்தியது. இவ்விரண்டும் அவர் தாமே பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. பழைய அஞ்சலை எடுத்து முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடலாம். தம்மிடம் முன்பே உள்ள தொலைபேசி எண்ணில் விற்பனையாளரை அழைத்து வினவலாம். ஐயத்திற்குரிய அஞ்சலில் தரப்பட்டுள்ள எண்ணை அழைத்தல் ஆகாது. அது மோசடி செய்பவரின் எண்ணாகவே இருக்கக்கூடும்.

4. தவறாகக் கற்ற மாதிரியை விளக்கம் வெளிப்படுத்தல்

விளக்கத்தின் மற்றொரு பயன், மாதிரி சரியான விடையைத் தவறான காரணத்தால் தருவதை வெளிக்கொணர்தல். இதற்குத் துறை வரலாற்றிலேயே சான்றுண்டு. ஊடுருவல் கண்டறிதல் ஆய்வுக்காக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வகம் 1999இல் உருவாக்கிய தரவுத் தொகுப்பைப் பலர் பயன்படுத்தினர். வலையமைப்பில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியிலும், அது இன்னும் எத்தனை வழிப்படுத்திகளைக் கடக்கலாம் என்பதைக் குறிக்கும் வாழ்நாள் எண் ஒன்று இருக்கும். அத்தொகுப்பில் 126, 253 ஆகிய எண்கள் தாக்குதல் பொதிகளில் மட்டும் காணப்பட்டன; இயல்பான பொதிகள் பெரும்பாலும் 127, 254 என்ற எண்களைக் கொண்டிருந்தன. செயற்கையாக வலையமைப்பை உருவாக்கிய முறையால் நேர்ந்த தடயம் அது. மேத்யூ மஹோனி, ஃபிலிப் சான் ஆகியோர் 2003இல் இதனைச் சுட்டிக்காட்டினர். அவ்வெண்ணை மட்டும் கற்ற மாதிரி, ஆய்வகத்தில் உயர்ந்த மதிப்பெண் பெறும். மெய்யான வலையமைப்பில் எதனையும் பிடிக்காது.

திருப்பூருக்கு வேறிடத்துத் தரவில் பயின்ற மாதிரியைக் கொணரும்போது இத்தகைய பிழை வேறு வடிவில் எழும். அலுவல் நேரத்திற்குப் பிந்தைய செயற்பாட்டை ஐயத்திற்குரியதாகப் பல மாதிரிகள் கருதுகின்றன. அமெரிக்க வாங்குநரின் பகல் திருப்பூருக்கு இரவு. ஷிப்மென்ட் நெருங்கும் நாள்களில் அலுவலகமும் இரவில் விழித்திருக்கும். சனிக்கிழமை மாலையில் ஒரே நேரத்தில் பல நூறு கணக்குகளுக்குப் பணம் செல்வது பிற ஊர் நிறுவனத்திற்கு வியப்பளிக்கலாம். வாரக்கூலி வழங்கும் ஊரில் அது இயல்பு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்வதால் கூலிப் பட்டியலில் புதிய கணக்கு எண்கள் வாரந்தோறும் சேரும். ஆனால் ஐந்தாண்டுகளாக நூல் வழங்கும் மில்லின் கணக்கு எண் மாறுவது இயல்பன்று. மாறாக, தீபாவளி விடுமுறையில் ஆலை முழுவதும் மூடியிருக்கும்போது சர்வரில் பகல் பதினொரு மணிக்கு ஒருவர் நுழைந்திருந்தால் அதுவே பெரும் ஐயத்திற்குரியது.

வழக்கத்திலிருந்து விலகியது எதுவோ அதனைக் காட்டவே மாதிரியால் இயலும். அவ்விலகல் தீமையா என்பது தொழிலறிவால் தீர்மானிக்க வேண்டியது. இவ்விடைவெளியை ராபின் சோமர், வெர்ன் பாக்சன் ஆகியோர் 2010இல் விரிவாக விவாதித்தனர். விளக்கம் இல்லாதபோது ‘எச்சரிக்கை தவறு’ என்று மட்டுமே கணக்காளரால் கூற இயலும். விளக்கம் இருப்பின், ‘இரவு நேரத்திற்கு 50 புள்ளி கொடுத்தது தவறு, எங்கள் வாங்குநர் நியூயார்க்கில் இருக்கிறார்’ என்று கூற இயலும். முன்னது குறை, பின்னது திருத்தம். அத்திருத்தத்தால் மாதிரி உள்ளூர்த் தொழிலைக் கற்கிறது.

5. சுத்திகரிப்பு நிலையக் கண்காணிப்பு

நொய்யலாற்று மாசு தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாறியே அவை மீண்டும் இயங்கின. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உயிரியல் சுத்திகரிப்பு, வடிகட்டல், எதிர்ச்சவ்வூடு பரவல், ஆவியாக்கல் எனப் பல கட்டங்களில் நீரும் உப்பும் மீட்கப்படுகின்றன. இத்தகைய நிலையங்களின் பம்புகளும் வால்வுகளும் உணரிகளும் கணினிசார் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு இணைந்தவை. அவை இணையத்தின் வழி தொலைவிலிருந்து அணுகப்படுமாயின், தாக்குதலுக்கும் வழி உண்டு. அதன் விளைவு ஆற்று நீரில் தெரியும்.

இத்துறையில் பயன்படும் ஆய்வுக் களம் ஒன்று சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. நுண்வடிகட்டலும் எதிர்ச்சவ்வூடு பரவலும் கொண்ட நீர்ச் சுத்திகரிப்பு மாதிரி நிலையம் அது. அதன் தரவுத் தொகுப்பில் 7 நாள்கள் இயல்பான இயக்கமும் 4 நாள்கள் தாக்குதல் நிகழ்ந்த இயக்கமும் பதிவாகியுள்ளன.

நீர் நிலையத்தில் விளக்கத்திற்கு இயற்பியலே துணை நிற்கிறது. ‘பம்பு ஓடுவதாகப் பதிவாகியுள்ளது, உள்வால்வு திறந்துள்ளது, வெளிவால்வு மூடியுள்ளது, எனினும் தொட்டி மட்டம் பத்து நிமிடமாக உயரவில்லை’ என்னும் விளக்கத்தைப் படித்த ஆலை இயக்குநர், நேரே சென்று தொட்டியைப் பார்ப்பார். உணரி பழுதா, தாக்குதலா என்பதை விளக்கம் கூறவில்லை. இரண்டுக்கும் முதற்செயல் ஒன்றே ஆதலின், அக்கட்டத்தில் அதனைக் கூற வேண்டியதும் இல்லை.

6. விளக்கத்தின் மொழி

விளக்கமுறைகள் பொதுவாகப் பட்டை வரைபடங்களாகவும் பண்புக்கூறுகளின் பெயர்ப் பட்டியலாகவும் விடை தருகின்றன. அவை மாதிரியை உருவாக்குபவருக்கு உரியவை. பணம் அனுப்பும் பொத்தானை அழுத்த இருப்பவருக்கு வேண்டுவது மூன்று தொடர்கள்: கண்டது என்ன, வழக்கம் என்ன, இப்போது செய்ய வேண்டியது என்ன. மேற்கண்ட எடுத்துக்காட்டை அவருக்குரிய மொழியில் அமைத்தால் இவ்வாறு இருக்கும்:

“இந்த மெயில் வந்த முகவரி, இந்த சப்ளையர் இதுவரை அனுப்பிய முகவரியிலிருந்து ஓர் எழுத்து மாறியுள்ளது. இதில் புதிய பேங்க் அக்கவுண்ட் தரப்பட்டுள்ளது. முன்பு பணம் அனுப்பிய அக்கவுண்ட் வேறு. பணம் அனுப்பும் முன், உங்களிடம் ஏற்கெனவே உள்ள போன் நம்பரில் சப்ளையரிடம் பேசி உறுதி செய்யவும்.”

இதில் மெயில், அக்கவுண்ட், சப்ளையர் ஆகிய சொற்கள் அலுவலக வழக்கையொட்டி ஆளப்பட்டுள்ளன. அவசரத்தில் படிக்கப்படும் எச்சரிக்கையில் அறிமுகமற்ற கலைச்சொல் தடையாகும். ஆய்வுக் கட்டுரையின் மொழியும் எச்சரிக்கையின் மொழியும் வேறுவேறு. இத்தொடர்களைப் பெருமொழி மாதிரிகளைக் கொண்டு ஆக்கலாம் எனினும், அவை இல்லாத காரணத்தை நயம்பட எழுதிவிடும் இடர் உண்டு. முன்பே எழுதிச் சரிபார்த்த தொடரமைப்புகளில் கணித்த மதிப்புகளை மட்டும் நிரப்புவது பாதுகாப்பானது. தமிழில் இத்தகைய தொடர்களை உருவாக்கிப் பயனரிடம் சோதிப்பது மொழியியலாரும் கணினியியலாரும் இணைந்து செய்யத்தக்க ஆய்வு.

7. வரம்புகள்

விளக்கம் மெய்யன்று, மாதிரியின் போக்கு குறித்த மதிப்பீடே. ஷேப்லி மதிப்பு, மாதிரி எதன்மேல் சாய்ந்தது என்பதைக் கூறும். உலகில் எது எதற்குக் காரணம் என்பதைக் கூறாது. ஒன்றோடொன்று தொடர்புடைய அறிகுறிகள் இருப்பின் பங்கீடு திரியக்கூடும். லைம், ஷேப் ஆகிய இரண்டையும் ஏமாற்றும் வகையில் மாதிரியை வடிவமைக்க இயலும் என்பதை டிலன் ஸ்லாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் காட்டினர்.

மனித மனத்தின் சாய்வும் கருதத்தக்கது. மாதிரியின் விடை தவறாக இருக்கும்போதும், விளக்கம் உடனிருப்பின் மக்கள் அதனை ஏற்கும் போக்கு மிகுகிறது என்பதைக் ககன் பன்சாலும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் கண்டறிந்தனர். ஆகவே விளக்கம் நம்பவைப்பதை நோக்கமாகக் கொள்ளலாகாது. சரிபார்க்கத் தூண்டுவதாக அமைய வேண்டும். மேற்கண்ட தமிழ் எச்சரிக்கை ‘இது மோசடி’ என்று கூறாமல் ‘பேசி உறுதி செய்யவும்’ என முடிவது இதனாலேயே.

உயர் விளைவுடைய முடிவுகளில் கருப்புப்பெட்டி மாதிரிக்குப் பின்னர் விளக்கம் தேடுவதைவிட, தொடக்கத்திலேயே விளங்கக்கூடிய மாதிரியைப் பயன்படுத்த வேண்டும் என சிந்தியா ரூடின் 2019இல் வாதிட்டார். சிறு நிறுவனங்களுக்கு இவ்வாதம் மிகவும் பொருந்தும். பத்து அறிகுறிகளும் அவற்றுக்குரிய புள்ளிகளும் கொண்ட எளிய அட்டவணை பெரும்பாலான அஞ்சல் மோசடிகளுக்குப் போதுமானதாயின், ஆழ்கற்றல் மாதிரி வேண்டப்படுவதில்லை.

8. சட்டப் பொறுப்பும் கூட்டு ஏற்பாடும்

இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஆ பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும், கணினிப் பதிவுகளை 180 நாள்கள் பேணவும் பணிக்கின்றன. பணமிழப்பு நேரின் 1930 என்ற எண்ணில் உடனே புகாரளிக்கலாம். தாமதமின்றி அறிவித்தால் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு மிகும். எது, எப்போது, எதனால் ஐயத்திற்குரியதாயிற்று என்பதை எச்சரிக்கையே பதிந்து வைத்திருப்பின், இவ்வறிக்கையை எழுதுவது எளிதாகும். தமிழ்நாடு அரசு 2020இல் வெளியிட்ட பாதுகாப்பான, அறநெறிசார் செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும் வெளிப்படைத்தன்மையை மதிப்பீட்டு அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

இவ்வசதிகளை ஒவ்வொரு சிறு நிறுவனமும் தனித்து அமைத்தல் இயலாது. திருப்பூருக்கு இதில் முன்னுதாரணம் உண்டு. தனித்தனியே கழிவுநீரைச் சுத்திகரிக்க இயலாத சாயப்பட்டறைகள் கூடிப் பொது நிலையங்களை அமைத்தன. அவ்வாறே தொழிற்சங்கங்களும் பொறியியல் கல்லூரிகளும் இணைந்து பொதுக் கண்காணிப்பு மையம் ஒன்றை உருவாக்கலாம். வாங்குநர் பெயரும் விலையும் போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் இங்கு இயல்பாக எழும். தரவை நிறுவனத்திலேயே வைத்துக்கொண்டு, கற்றலின் விளைவை மட்டும் பகிரும் கூட்டமைவுக் கற்றல் முறை அவ்வச்சத்தைக் குறைக்க உதவும்.

முடிவுரை

விளக்கத்தகு செயற்கை நுண்ணறிவின் மதிப்பை மாதிரியின் துல்லியத்தால் மட்டும் அளத்தல் போதாது. எச்சரிக்கையைக் கண்டவர் சரியான செயலைச் செய்தாரா, எவ்வளவு நேரத்தில் செய்தார், பொய் எச்சரிக்கையை இனங்கண்டு திருத்தினாரா, அத்திருத்தத்தை மாதிரி ஏற்றதா என்னும் நான்கு வினாக்களால் அளத்தல் வேண்டும். இவற்றுக்கு விடை காணும் ஆய்வுகள், பொதுத் தரவுத் தொகுப்புகளைக் கொண்டு கணினி ஆய்வகத்தில் மட்டும் நிகழ இயலாது. ஏற்றுமதி அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலும் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையிலும் நிகழ வேண்டியவை. வாரக்கூலி, இரவு ஷிப்மென்ட், தீபாவளி விடுமுறை ஆகியவற்றை அறியாத கண்காணிப்பு திருப்பூரைப் பாதுகாக்காது. அவற்றை அறிந்தவர் மாதிரியோடு உரையாட ஒரு வழி அமைத்துத் தருவதே விளக்கத்தின் பணி.